எந்த லினக்ஸ் என்பது கடைசிக் கேள்வி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில், மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். பிளஸ் டூ, பாலிடெக்னிக், கல்லூரி என்று பல லட்சம் பிள்ளைகளின் கைக்கு அது வந்து சேர்ந்தது. சென்னை பாலவாக்கத்தில் ஈசிஆருக்குக் கிழக்கே கடலை நோக்கி இறங்கும் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒன்றிரண்டு கிடைக்கும். பீரோ மேல், பைக்குள், சார்ஜர் மட்டும் எங்கோ தனியாக. வாங்கிய பிள்ளைக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும்.

அந்த லேப்டாப்பை ஆன் செய்ததும் பலர் ஒரு கறுப்புத் திரையைப் பார்த்திருப்பார்கள். விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று அது கேட்கும். கேட்ட மாத்திரத்தில் விண்டோஸை அழுத்திவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்துடைய சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007-ல் முதல் பதிப்பை வெளியிட்டது. அந்த மையம் இருப்பது தரமணி டைடல் பார்க்கில். பாலவாக்கத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான்.

எங்கள் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா வீட்டில் இப்படி இரண்டு மடிக்கணினிகள். ஒன்று மகனுக்குத் திட்டத்தின் தொடக்க காலத்தில் கிடைத்தது. இன்னொன்று சில ஆண்டுகள் கழித்து மகளுக்கு வந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, டீ தம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டார்.

“தம்பி, லினக்ஸ் போட்டா பறக்கும்னு சொல்றாங்களே. எந்த லினக்ஸ் போடணும், அதை மட்டும் சொல்லு.”

“அது கடைசிக் கேள்விக்கா. அதுக்கு முன்னாடி நாலு கேள்வி இருக்கு. டிஸ்க் எப்படி இருக்கு? ராம் எவ்வளவு? ப்ராசசர் எத்தனை பிட்டு? இதை வெச்சு நீங்க என்ன வேலை பண்ணப்போறீங்க?”

இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் ஐந்தாவது கேள்விக்குப் பதில் தானாக வந்து நிற்கும். தெரியாமல் ஆரம்பித்தால், வாரத்துக்கு ஒரு லினக்ஸாக மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்போம், மெஷின் அதே வேகத்தில் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

ஏன் இப்போது?

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவது 2020 ஜனவரி 14-ல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. வீட்டு உபயோகத்தில் இருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால் அது சில நிபந்தனைகள் போடுகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். செக்யூர் பூட் வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை ப்ராசசரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அக்காவின் மகன் லேப்டாப் அந்த வாசலில்கூட நிற்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது புது அனுபவமும் இல்லை. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்த சமயத்தில், அரசு அலுவலகக் கணினிகளை பாஸ் லினக்ஸுக்கு மாற்றும்படி மாநில அரசு சொன்னது. அதற்கும் முன்னால், ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஆகவே லினக்ஸ் என்பது கம்ப்யூட்டர் இன்ஜினீயர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். தாலுகா ஆபீஸ் மேசைவரை வந்து போன சமாச்சாரம் அது.

முதல் கேள்வி: டிஸ்க்

பழைய லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோருக்குக் குற்றவாளி ப்ராசசர் இல்லை, சுழலும் ஹார்டுடிஸ்க்தான். அரசு மடிக்கணினிகளில் ஆரம்பத்தில் 320 ஜிபி, பின்னாளில் 500 ஜிபி ஹார்டுடிஸ்க் வந்தது. அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது, ஒரு முள் அங்கும் இங்கும் ஓடி எழுதியதைத் தேடுகிறது. சிதறிக் கிடக்கும் தகவல்களை அது நொடிக்கு நூறு தடவைகூடத் தேடி எடுக்காது. எஸ்எஸ்டியில் சுழலும் பகுதியே கிடையாது. நொடிக்குப் பல்லாயிரம் தடவை எடுத்துக் கொடுக்கும். விண்டோஸ் 10 பின்னணியில் ஓயாமல் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், இந்த வித்தியாசம் முகத்தில் அறைகிற மாதிரி தெரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் 10-ல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டிருந்தால் அதுதான் வியாதி. அடுத்து, டிஸ்க் வெறும் மெதுவா அல்லது சாகக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற பதிவேட்டில் தானே குறித்து வைக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளும், லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலியும் அதைப் படித்துச் சொல்லும். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், ஒதுக்கக் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே கல்யாண ஆல்பத்தையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எந்த ஓஎஸ்ஸை, அதாவது இயங்குதளத்தை, போட்டாலும் வீண்.

அக்காவின் மகன் லேப்டாப்பில் அந்த எண் ஏறித்தான் இருந்தது. “அப்ப இது போச்சா?” என்றார். போகவில்லை. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் தருவார்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி அதே இடத்தில் மாட்ட வேண்டியதுதான். 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய மெஷினுக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

டிஸ்க்கைப் பார்க்கும்போதே இன்னும் மூன்று விஷயங்களையும் பார்த்துவிடலாம். கடற்கரையில் குடியிருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை இவை.

ஒன்று, உப்புக் காற்று. ராம் அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போனால், லேப்டாப் ஆன் ஆகும் ஆனால் திரை வராது, அல்லது நடுவில் அப்படியே உறைந்து நிற்கும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ராமை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து மாட்டினால் பல மெஷின்கள் எழுந்து உட்காரும். அப்படியும் உறைந்தால், மெம்டெஸ்ட் என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்க்கலாம். அதில் ஒரு பிழை வந்தாலும் அந்த ராமை மாற்ற வேண்டும்.

இரண்டு, சூடு. காற்றாடி ஓட்டையில் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொண்டால் ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆன் செய்து பத்து நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு திணறினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றினால் சரியாகும்.

மூன்று, பொத்தான் பேட்டரி. மதர்போர்டில் சிஆர் 2032 வகையில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அப்புறம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று பிரவுசர் மிரட்டும். தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. வைரஸ் என்று பயந்து ஃபார்மட் போட்டவர்கள் உண்டு. தேவைப்பட்டது ஒரு பேட்டரிதான்.

இரண்டாவது கேள்வி: ராம்

“ராம்னா என்ன, ஹார்டுடிஸ்க்னா என்ன? ரெண்டுமே ஜிபிதானே?” என்றார் அக்கா. கேட்க வேண்டிய கேள்வி.

டீக்கடையை எடுத்துக்கொள்வோம். மாஸ்டருக்கு முன்னால் இருக்கும் மேடைதான் ராம். பால், டிகாக்‌ஷன், சர்க்கரை, தம்ளர்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பின்கட்டில் இருக்கும் சாமான் அறைதான் டிஸ்க். மேடை சின்னதாக இருந்து கூட்டமும் அதிகமாக இருந்தால், மாஸ்டர் சர்க்கரை டப்பாவைப் பின்கட்டில் வைத்துவிட்டுத் தம்ளரை எடுத்து வருவார், பிறகு தம்ளரை வைத்துவிட்டுச் சர்க்கரைக்கு ஓடுவார். டீ போடும் நேரத்தைவிட நடக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும். ராம் நிறைந்ததும் கணினி செய்வது அதைத்தான். ஸ்வாப் என்று அதற்குப் பெயர். பின்கட்டு சுழலும் டிஸ்க்காக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

லேசான ஓஎஸ் என்று சொல்வது, தான் அந்த மேடையில் குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டு மீதியை உங்களுக்கு விடும் ஓஎஸ்ஸை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா லினக்ஸுக்கும் அடியில் ஓடும் கெர்னல் என்ற கரு ஒன்றுதான், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்து வைத்தது. கனமும் லேசும் பெரும்பாலும் அதன் மேல் உட்காரும் டெஸ்க்டாப்பில், அதாவது மெனுவும் ஜன்னல்களுமாகத் திரையில் தெரியும் பகுதியில் இருக்கிறது. க்னோம் டெஸ்க்டாப் சும்மா நிற்கும்போதே ஏறத்தாழ ஒரு ஜிபியையோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூட்டி இரண்டும் அதில் பாதியை ஒட்டி நிற்கும். ஐஸ்டபிள்யூஎம் மாதிரி வெறும் ஜன்னல் மேலாளர்கள் இன்னும் குறைவு. ஆகவே உபுண்டுவா டெபியனா என்ற சண்டையைவிட, எந்த டெஸ்க்டாப் என்ற கேள்விதான் பழைய மெஷினுக்கு முக்கியம்.

ஆனால் இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஓஎஸ் எவ்வளவு லேசாக இருந்தாலும் இணையம் லேசாகாது. யூடியூப், ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் என்று ஒவ்வொரு டேபும் சில நூறு எம்பியைச் சாப்பிடும். ஓஎஸ் மாற்றி அரை ஜிபி மிச்சம் பிடித்தால், இரண்டு டேபில் அது தீர்ந்துபோகும். அதனால்தான் முடிந்தவரை ராமைக் கூட்டுங்கள் என்று சொல்வது. வாங்கும் முன் மெஷினில் இருப்பது டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆ என்று பழைய அட்டையின் ஒட்டுத்தாளைப் படித்துப் பார்க்க வேண்டும். டிடிஆர்3 ஒன்றரை வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். குறைந்த மின்னழுத்தம் கேட்கும் மெஷினில் மற்றதை மாட்டினால் ஆன் ஆகாமல் போகலாம். பழைய அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்க் காட்டி வாங்குவதுதான் பத்திரம்.

மூன்றாவது கேள்வி: 32-ஆ, 64-ஆ?

இன்டெல் கோர் 2 டுவோ காலத்திலிருந்து, அதாவது 2006-க்குப் பிறகு வந்த பெரும்பாலான ப்ராசசர்கள் 64 பிட். அரசு மடிக்கணினிகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை என்பதால் அவற்றுக்குக் கவலை இல்லை. ஆரம்பகால ஆட்டம் ப்ராசசர் போட்ட குட்டி நெட்புக்குகளும், பெண்டியம் 4 காலத்துப் பல டெஸ்க்டாப்புகளும்தான் 32 பிட்டில் மாட்டிக்கொள்ளும். விண்டோஸ் 32 பிட் என்று காட்டுவதை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. 64 பிட் ப்ராசசரில் 32 பிட் விண்டோஸைப் போட்டு வைத்திருப்பவர்கள் நிறைய. ப்ராசசரின் பெயரைப் பார்த்துத் தேட வேண்டும்.

நிஜமாகவே 32 பிட் என்றால் வழி குறுகிக்கொண்டே வருகிறது. உபுண்டு அதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிக்கு நிறுவியே தரவில்லை. லினக்ஸுக்கான 32 பிட் ஃபயர்ஃபாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு மட்டும் கொஞ்சகாலம் தாங்கும். ஆன்டிஎக்ஸ் போன்ற சில லினக்ஸ்கள் இன்னும் 32 பிட்டுக்கு வருகின்றன. பாட்டு கேட்க, பிடிஎஃப் படிக்க, குழந்தை தட்டச்சு பழக என்று இணையத்தைப் பெரிதாக நம்பாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பாங்கு வேலைக்கு வேண்டாம்.

நாலாவது கேள்வி: என்ன வேலை?

அக்காவின் வேலை மூன்று: யூடியூபில் பிளவுஸ் டிசைன் பார்ப்பது, வாட்ஸ்அப் வெப்பில் அளவுகளை வாங்குவது, ஆர்டர் கணக்கு எழுதுவது. மூன்றும் லினக்ஸில் நடக்கும். கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், எக்செல் கோப்பையும் திறக்கும்.

எல்லோருக்கும் இப்படிச் சொல்ல முடியாது. டேலியில் கணக்கு வைப்பவர்கள், ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் வடிவமைப்பவர்கள், ஆதார் கைரேகைக் கருவியை நம்பிப் பிழைப்பவர்கள் லினக்ஸுக்கு மாறினால் சங்கடப்படுவார்கள். அந்த மென்பொருள்களும் கருவிகளும் பெரும்பாலும் விண்டோஸைத்தான் எதிர்பார்க்கின்றன. பிரின்டரையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஹெச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் மாட்டியதும் ஓடும், அவற்றுக்கான திறந்தமூல மென்பொருள் லினக்ஸோடு சேர்ந்தே வரும். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் தென்படும் கேனன் எல்பிபி 2900-க்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது, ஆனால் மெனக்கெட வேண்டும்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி

நாலுக்கும் பதில் கிடைத்தபின் தேர்வு ரொம்பச் சுருக்கமானது.

ஒரு ஜிபி ராம் இருந்தால் ஆன்டிஎக்ஸ் அல்லது பப்பி லினக்ஸ். பப்பி, ஆஸ்திரேலியாவின் பாரி காவ்லர் 2003-ல் தொடங்கியது. தன்னை முழுசாக ராமுக்குள் ஏற்றிக்கொண்டு பென் டிரைவிலிருந்தே ஓடும். ஹார்டுடிஸ்க் செத்துப்போன மெஷினிலிருந்து தகவலை மீட்கவும் இது உதவும்.

இரண்டு ஜிபி என்றால் லுபுண்டு, எல்எக்ஸ்க்யூட்டி போட்ட டெபியன், அல்லது எம்எக்ஸ் லினக்ஸின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பு. இணையம் ஓடும், ஆனால் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்காமல் இருக்கக் கை பழக வேண்டும்.

நாலு ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கு இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழ் மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. சுபுண்டு, எம்எக்ஸ் எக்ஸ்எஃப்சிஇ இரண்டும் இதே வகுப்பு.

எட்டு ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் எது பிடிக்கிறதோ அது. பாஸ் உட்பட.

இரண்டு ஜிபி, நாலு ஜிபி மெஷின்களில் இசட்ராம் என்ற வசதியையும் போட்டுவிடலாம். ராமில் இருக்கும் தகவலில் ஒரு பகுதியை ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஏற்பாடு அது. டிஸ்க்குக்கு ஓடும் ஓட்டம் குறையும்.

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸும் இலவசம்தானே என்று சிலர் கேட்பார்கள். இலவசம்தான், ஆனால் முழுக்கத் திறந்தமூலம் இல்லை. நாலு ஜிபி ராம் கேட்கும், கூகுள் கணக்கைச் சுற்றியே வாழும். பிரவுசர் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும் அது.

போடும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டும்

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மூலம் பென் டிரைவில் எழுத வேண்டும். வென்டாய் என்ற கருவியைப் போட்டால் ஒரே பென் டிரைவில் நாலைந்து லினக்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இறக்கிய கோப்பின் செக்சம் எண்ணை ஒத்துப் பார்ப்பது நல்லது. நிறுவும்போது பாதியில் வரும் விநோதப் பிழைகளுக்குப் பல சமயம் குறையாக இறங்கிய கோப்புதான் காரணம்.

ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று மெஷினுக்கு மெஷின் மாறும் ஒரு பொத்தானை அழுத்தினால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். பென் டிரைவைக் காட்டலாம். டெஸ்க்டாப் வந்ததும் அழகைப் பார்த்து உட்காராமல் ஒரு பட்டியலை ஓட்ட வேண்டும்: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கேமரா தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுகிறதா, பிரின்டர் அடிக்கிறதா. பென் டிரைவ் மெதுவானது என்பதால் வேகத்தை மட்டும் இதை வைத்து எடை போடக் கூடாது.

வழக்கமாக வரும் தொல்லைகளையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

வைஃபை காணவில்லை என்றால் உள்ளே பிராட்காம் சிப் இருக்க வாய்ப்பு அதிகம். அதன் டிரைவர் தனியாக இறங்க வேண்டும், இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சிக்கலை உங்கள் கைபேசி உடைக்கும். யுஎஸ்பி வயரில் போனை இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து ஒரு சொடுக்கு.

தொடங்கும்போது திரை கறுத்துப் போனால் கிராஃபிக்ஸ் சிப்போடு தகராறு. தொடக்க மெனுவில் காம்பாட்டிபிலிட்டி மோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தொடக்க வரியைத் திருத்தி அதில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் உள்ளே போகலாம்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாது. இன்னொன்று, இரண்டிலும் மாறி மாறி வேலை செய்தால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்கும். மதர்போர்டுக் கடிகாரத்தில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸிடம் சொல்ல ஒரு வரிக் கட்டளை இருக்கிறது.

யூடியூப் திக்கினால் ப்ராசசரைத் திட்ட வேண்டாம். யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற புது வடிவங்களில் காணொளியை அனுப்புகிறது. 2011, 2012 வாக்கில் வந்த இன்டெல் சிப்களுக்கு எச்.264 வடிவத்தை விரிக்கத்தான் தனி வன்பொருள் உண்டு. எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைப் போட்டு, தரத்தை 720-ல் நிறுத்தினால் ஓடும்.

தமிழுக்கு என்ன வழி?

தமிழ் படிக்க நோட்டோ அல்லது லோஹித் எழுத்துரு பெரும்பாலும் கூடவே வரும். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் அதன் எம்17என் தொகுப்பையும் போட்டால், 1999-ல் சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் ஆங்கில ஒலிப்பில் அடிப்பதும் கிடைக்கும். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள்தான் பிரச்சினை. புது மெஷினில் அவை கிறுக்கலாகத் தெரியும். மாறும் முன்பே யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட வேண்டும்.

எங்காவது மாட்டிக்கொண்டால் தமிழிலேயே உதவி உண்டு. 2012 முதல் கணியம் இதழ் திறந்தமூல மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது, லினக்ஸ் பற்றி இலவச மின்னூல்களும் வெளியிட்டிருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு நெடுநாளாக மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் ஐஐடி வளாகத்தில் கூடிவந்த குழு. முதல் கேள்வி கேட்பவர்களையும் அங்கே மரியாதையாகவே நடத்துவார்கள்.

அக்காவுக்கு முடிவாகச் சொன்னது இது. மகன் லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி, இன்னொரு 2 ஜிபி ராம், பொத்தான் பேட்டரி, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ, அது கடைக்கு. மகள் லேப்டாப்பில் 4 ஜிபி இருக்கிறது, டிஸ்க்கும் நலம். அதற்கு எஸ்எஸ்டி மட்டும் போட்டு, அதே மின்ட்டைப் போடலாம். இரண்டிலும் ஒரே ஓஎஸ் இருந்தால் ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவர் சொல்லிக்கொடுக்கலாம்.

“அப்புறம் எத்தனை வருஷம் ஓடும்?” என்றார்.

மெஷின் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓஎஸ் எத்தனை வருஷம் என்று சொல்ல முடியும். அதனால் ஒரு சின்ன வேலை செய்யச் சொன்னேன். லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாளில் மூன்று விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: என்ன ஓஎஸ், எந்தப் பதிப்பு, அப்டேட் எந்த ஆண்டு நிற்கும். ராம் எந்த வகை என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் அடுத்து திறப்பவருக்கு ஸ்க்ரூ டிரைவர் தேடும் வேலை மிச்சம். 2029 நெருங்கும்போது அந்தத் தாளைப் பார்த்து, இதே நாலு கேள்விகளை மறுபடி கேட்டுக்கொண்டால் போதும்.